அரசு வழங்கிய காய்ச்சல்

கல்யாண வீட்டில் எனக்கு எப்போதும் முதல் பந்தி, அதிலும் நடு இலை. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு இடம் இல்லாமல் போனாலும் போகும், எனக்கு இல்லாமல் போகாது. நான் பெரிய மனிதன் என்பதால் அல்ல, நான் தும்முவேன் என்பதால். நடுவில் உட்கார்ந்து தும்மினால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேரும் என்று கரட்டுவலசில் ஒரு நம்பிக்கை.

என் பெயர் சென்னியப்பன். பதவி, அரசு தும்முநர், இரண்டாம் நிலை. இருபத்து நான்கு வருட சர்வீஸ். மற்ற துறைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சேர்ந்தபோது இந்த வேலைக்கு நாலாயிரம் பேர் தேர்வு எழுதினோம். செய்முறைத் தேர்வு தனியாக நடந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருடமும் ஃப்ளூ காய்ச்சல் உருமாறி வரும். ஒவ்வொரு வருடமும் புது ஊசி போட்டுக்கொள்ள வாருங்கள் என்று அரசு கூப்பிடும். ஒவ்வொரு வருடமும் ஜனங்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். கூப்பிட்டு அலுத்துப்போன அரசு ஒருநாள் மாற்றி யோசித்தது. ஜனங்கள் ஊசியைத் தேடி வரமாட்டார்கள், ஆனால் காய்ச்சலுக்கு ஜனங்களைத் தேடிப் போகத் தெரியுமே! ஆய்வுக்கூடத்தில் பல் பிடுங்கிய வைரஸ் ஒன்றைத் தயாரித்தார்கள். அதற்கு ஆளுக்கு ஆள் தொற்றத் தெரியும், கொல்லத் தெரியாது. மூன்று நாள் மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். அது வந்து போனவருக்கு அந்த வருடத்து நிஜக் காய்ச்சல் வராது. ஜனங்கள் இதற்கு நல்ல காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் போன்ற சிலருக்கு மட்டும் பழையபடி ஊசி.

நல்ல காய்ச்சலை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஐப்பசி பிறந்ததும் என் மூக்கில் இரண்டு சொட்டு விடுவார்கள். இரண்டு நாள் தனியறை வாசம். மூன்றாம் நாள் தும்மல் கிளம்பும், நானும் கிளம்புவேன். நூற்பாலை வாசல், ரேஷன் கடை, டவுன் பஸ், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம். முகத்தை மூடாமல் தும்ம அரசாங்க அனுமதி பெற்ற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

அந்தப் பெருமைக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு சொட்டு விட்டு மூன்று நாள் ஆகியும் தும்மல் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. பதினெட்டு வருடமாகப் பதினெட்டு வகை வைரஸைப் பார்த்துப் பார்த்து என் உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது. உள்ளே வந்த ஆளை வாசலிலேயே மடக்கி அனுப்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். நான் தனியறையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் நூற்பாலை மேலாளர் வீட்டுக் கல்யாணம். நடு இலை எனக்காகக் காத்திருந்தது.

மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், பஸ் நிலையத்தில் ஒரு டப்பா மூக்குப்பொடி வாங்கினேன்.

முதல் வருடம் பயந்துகொண்டேதான் தும்மினேன். ஒருவருக்கும் காய்ச்சல் வராதே, மாட்டிக்கொள்வோமே என்று பயம். நடந்தது வேறு. நல்ல காய்ச்சல் வந்தவர்களுக்கு அரசு ஒரு சீட்டு தரும். அதற்கு மூன்று நாள் விடுப்பு. வேலைக்குப் போகாத பெண்களுக்கு மூன்று நாள் சமைத்த சாப்பாடு வீட்டு வாசலுக்கே வரும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். எத்தனை சீட்டு போனதோ அத்தனை பேருக்குப் பாதுகாப்பு என்று துறை கணக்கு வைத்துக்கொள்ளும்.

நான் நிஜமாகத் தும்மிய காலத்தில் நூற்றுக்கு எழுபது பேர் சீட்டு வாங்கினார்கள். பொடி போட்டுத் தும்மிய முதல் வருடம் ஊரே வாங்கியது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். உண்மையில் காய்ச்சல் வந்தவனுக்கு எழுந்து வந்து வரிசையில் நிற்கத் தெம்பு இருக்காது. எனக்கு வராவிட்டால் என்ன, மற்றவர்களுக்கு வந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அப்படி நினைத்தது மொத்த ஊரும்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் ஊரை ஏமாற்றினேன், ஊர் என்னை ஏமாற்றியது, துறை எங்கள் இரண்டு பேரையும் பாராட்டியது. ஊர் எல்லையில் பச்சைப் பலகை நட்டார்கள். ‘கரட்டுவலசு. நூறு சதவீதம் பாதுகாக்கப்பட்ட ஊர்.’

பட்டியலில் என்னையும் சேர்த்து 2,314 பேர். சீட்டுகள் 2,313. குறைந்த அந்த ஒன்று தவமணி.

தவமணி எங்கள் ஊர்க் கிளை நூலகர். ஐம்பது வயது, தனிக்கட்டை, நூலகத்துக்குப் பின்னாலேயே வீடு. என் மகள் இளவேனில் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வராமல் அங்கேதான் கிடப்பாள். வருடா வருடம் கார்த்திகை மாதம் தவமணி என்னிடம் வந்து ஒரு குற்றவாளி மாதிரி நிற்பார்.

“அண்ணா, இந்த வருசமும் எனக்கு வரலீங்ண்ணா.”

“அதனால என்ன அம்மிணி, சீட்டை வாங்கிக்க. மூணு நாள் நிம்மதியாப் படிக்கலாமல்ல.”

“வராததை வந்துச்சுன்னு எப்படீண்ணா எழுதறது? நான் உங்க பக்கத்துலயே வந்து நின்னு பார்த்தேன். பஸ்ல உங்க பின் சீட்டுலயும் உக்காந்து பார்த்தேன். என்ற ஒடம்பு ஒரு மாதிரியாட்டிருக்குது.”

நான் சிரித்து அனுப்பிவிடுவேன். ஆறு வருடம் சிரித்தேன்.

இந்த வருடம் கார்த்திகை முதல் வாரம் மலைக்கு அந்தப் பக்கம் புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. திடகாத்திரமான ஆட்களே ஐந்தாம் நாள் மூச்சு விட முடியாமல் போய்ச் சேர்ந்தார்கள். செய்தியைக் கேட்ட அன்றே, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து இளவேனில் போன் செய்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

“அப்பா, நான் பாப்பாவைத் தூக்கிட்டு நம்மூருக்கே வந்தர்றேன்.”

“இப்பவா? எதுக்கு கண்ணு?”

“ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தைக்கு ஊசியும் போடக்கூடாதாம், சொட்டும் விடக்கூடாதாம். சுத்தி இருக்கறவங்களுக்குப் பாதுகாப்பு இருந்தாத்தான் அதுக்குப் பாதுகாப்புன்னு டாக்டர் சொல்றாங்க. இங்க எங்க தெருவுல பாதிப் பேருக்குத்தான் நல்ல காய்ச்சல் வந்திருக்குது. நம்மூரு நூறு சதவீதமாச்சேப்பா! நீங்க இருக்கீங்கல்ல.”

நீங்க இருக்கீங்கல்ல என்று அவள் சொன்னபோது போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். அவளை வராதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். மூன்று வாரம் கழித்து வா என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

அன்றைக்கே எங்கள் துறையின் துணை இயக்குநர் டாக்டர் பத்மநாபனைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

“சென்னியப்பன், இதை எழுத்துல குடுத்துடாதீங்க.”

“சார், ஊர்ல ஒருத்தருக்கும் பாதுகாப்பு இல்லீங்க.”

“பதிவேட்டுல இருக்கு. ஆறு வருஷமா ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதிமூணு பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கு. ஒருத்தர் ரெண்டு பேரா பொய் சொல்லுவாங்க, ஊரே சொல்லுமா? பதிவேட்டைவிட உங்க மூக்கு பெருசா?”

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஜெசிந்தாவிடம் போனேன். அவர் நாகர்கோவில்காரர், சுற்றுப்பட்டு ஐந்து ஊருக்கும் அவர் ஒருவர்தான். நடந்ததை முழுக்கச் சொன்னேன். மூக்குப்பொடி டப்பாவை மேஜை மேல் வைத்தேன். அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அவரே இரண்டு தரம் தும்மினார்.

“ஆறு வருஷமா?” என்றார்.

“ஆறு வருசம்ங்க. ஆனா இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலியே. போன வருசம்கூடத்தான் காய்ச்சல் வந்துச்சு. நாலு நாள் படுத்து எல்லாரும் எந்திரிச்சாங்க.”

“அது பழைய காய்ச்சல். இந்த வைரஸ் இருக்குல்லா, அது பெருகும்போது தன்னைத்தானே நகல் எடுக்கும். எடுக்கும்போது பிழை விடும். திருத்தத் தெரியாது, அப்படியே விட்டுரும். அதனால வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். ஆனா நம்ம உடம்புக்கு ஆளை அரைகுறையாவது அடையாளம் தெரியும். மூஞ்சியில மீசை வச்ச மாதிரின்னு வையுங்க.”

“இது?”

“இது மீசை இல்ல, வேற தலை. அதோட சங்கதி எல்லாம் எட்டுத் துண்டுல இருக்கும். ஒரு பன்னிக்கு மனுஷக் காய்ச்சலும் வாத்துக் காய்ச்சலும் ஒரே நேரத்துல வந்தா, ரெண்டு சீட்டுக்கட்டையும் சேர்த்துக் கலைச்ச மாதிரி துண்டெல்லாம் கலந்துரும். வெளிய வர்றது புது ஆள். உலகத்துல எந்த உடம்பும் அவனைப் பார்த்ததில்ல. ஒரு ஊர்க் காய்ச்சல் உலகத்துக்கே வர்றது இப்பிடித்தான்.”

“நம்ம சொட்டுல அது இருக்குதுங்களா?”

“வெளிநாட்டுல முன்னாடியே தலை காட்டினதால இந்த வருஷச் சொட்டுல அந்தப் புதுத் தலையையும் சேர்த்திருக்காங்க, ஊசியிலயும் இருக்கு. மத்த ஊர்ல உண்மையாவே தும்மியிருப்பாங்க.” என்னைப் பார்க்காமல் சொன்னார். “நம்ம ஊர்தான் கதவைத் திறந்து போட்டுட்டு நூறு சதவீதம்னு பலகை வச்சிருக்கு.”

சர்க்கரை பார்க்கிறேன் என்று சொல்லி நூற்பாலையில் பத்துப் பேரிடம் ரத்தம் எடுத்தார் ஜெசிந்தா. பத்துப் பேர் ரத்தத்திலும் நல்ல காய்ச்சலின் தடயமே இல்லை. மாவட்டக் கிடங்கில் ஊசி மருந்து கேட்பாரில்லாமல் கிடந்தது, அவர் கையெழுத்திலேயே எடுத்து வந்துவிடலாம். போட்டால் இரண்டு வாரத்தில் உடம்பு தயாராகிவிடும். காய்ச்சல் மலை இறங்கி வர அதற்கு மேல் ஆகாது. உடனே ஊர் மொத்தமும் கையை நீட்ட வேண்டும். அதற்கு ஊரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நூற்பாலை கேண்டீன் கூடத்தில் கூட்டம் போட்டோம். உட்கார இடமில்லை. நான் மைக்கைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் கூட்டத்துக்கு முன்னால் தும்மாமல் நின்றேன்.

“எல்லாரும் என்னை மன்னிக்கோணும். ஆறு வருசமா எனக்குத் தும்மல் வரலீங்க. நான் தும்முனதெல்லாம் மூக்குப்பொடி. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் நல்ல காய்ச்சல் வரல. யாருக்கும் பாதுகாப்பு இல்ல. ஜெசிந்தாம்மா ஊசி கொண்டாந்திருக்காங்க, தயவு செஞ்சு எல்லாரும் போட்டுக்கோணும்.”

எல்லார் முகத்திலும் ஒரே கணக்குத்தான் ஓடியது என்று இப்போது புரிகிறது. ஒருத்தருக்கும் வரவில்லை என்றால் ஆறு வருடமாக மூன்று மூன்று நாள் நான் எங்கே போயிருந்தேன் என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பானே?

முதலில் எழுந்தவர் நூற்பாலை சூப்பர்வைசர் ரங்கசாமி.

“என்னுங்க பேசறீங்க? எனக்கு வந்துச்சு! போன வருசம் மூணு நாள் கட்டிலை விட்டு எந்திரிக்கல.”

“அந்தக் கட்டிலு ஊட்டியிலயா இருந்துச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரங்கசாமி திரும்பி முறைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த கேள்வி தன் மேல் விழும்.

தலைமையாசிரியர் எழுந்தார். “என் மூக்கு ஒழுகுனதுக்கு ஒன்பதாம் வகுப்பே சாட்சி. நான் சத்தியம் பண்ணத் தயார்.”

“எனக்கும் வந்துச்சு!”

“எங்கூட்டுல அஞ்சு பேருக்கும் வந்துச்சுங்க. சோறு வெக்க முடியல.”

“என்ற மாமியாருக்கு ரெண்டு தடவை வந்துச்சு!”

ஆள் ஆளாய் எழுந்து தன் காய்ச்சலைச் சொன்னார்கள். வராத காய்ச்சலை இவ்வளவு விவரமாகச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை. உச்சி வலி, கால் குடைச்சல், ரசம் கசந்த கதை. கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை தும்மியிருப்பேனோ என்று.

அப்போது மூலையிலிருந்து தவமணி எழுந்தார்.

“எனக்கு வரலீங்க.”

எல்லாத் தலைகளும் மூலைப் பக்கம் திரும்பின. பிறகு யாரோ சொன்னார்கள், “தவமணிக்கு என்னதான் வந்துச்சு, மாப்பிள்ளையா வந்தான்?” கூடமே சிரித்தது. இறுகிப்போய்க் கிடந்த சிரிப்பு மொத்தமும் அந்த ஒரு பெண்ணின் மேல் போய் விழுந்தது. தவமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். “சென்னியப்பனுக்கு வயசாயிருச்சு, ஓய்வு குடுங்கப்பா” என்று பேசிக்கொண்டே ஜனங்கள் கலைந்தார்கள்.

வெளியே வந்தபோது தவமணி எனக்காக நின்றிருந்தார்.

“மனசுல எதையும் வெச்சுக்காதீங்ண்ணா. அத்தனை பேரும் சத்தியம் பண்றாங்க. அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? உங்களுக்குத் தெரியாமயே தும்மல் வந்திருக்கும்.”

நூறு ஊசிக்கு மேல் போகுமா என்று என் மனம் வேறு கணக்கில் இருந்தது. மாலைவரை சுகாதார நிலையத்தில் காத்திருந்தோம். ஒருவர்கூட வரவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வருவது, காய்ச்சல் வரவில்லை என்று ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொள்வதைவிடச் செத்துப்போவது கௌரவம் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

எனக்குப் பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அதை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கு உண்மை பேசிப் பழக்கமில்லை, அதனால் அது சரியாக வரவில்லை. பழகிய தொழிலைச் செய்வோம் என்று நினைத்தேன்.

“ஜெசிந்தாம்மா, ஊசியோட பேரை மாத்தீருவோம். ஊக்க ஊசின்னு சொல்லுவோம். நல்ல காய்ச்சல் உண்மையா வந்தவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லுவோம்.”

“வந்தவங்களுக்கு எதுக்கு ஊசி? வராதவங்களுக்குத்தானே வேணும்?”

“வராதவங்க எல்லாரும் வந்துச்சுன்னுதான சொல்றாங்க. இப்ப எவன் வரலையோ அவன் மாட்டிக்குவான்.”

ஜெசிந்தாவுக்கு இது பிடிக்கவில்லை. “பொய் மேல பொய்யா போட்டுட்டே போறீங்க, சார்.”

“இது கடைசிப் பொய்ங்க” என்றேன். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

மறுநாள் காலை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி நானே தெருத் தெருவாகப் போனேன். ‘நல்ல காய்ச்சல் உண்மையாக வந்தவர்களுக்கு மட்டும் ஊக்க ஊசி. காய்ச்சல் வராதவர்களுக்கு இந்த ஊசி வேலை செய்யாது. அவர்கள் வந்து மருந்தை வீணாக்க வேண்டாம். வராதவர்களின் பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை நூற்பாலை வாசலில் ஒட்டப்படும்.’

நான் திரும்பி வருவதற்குள் வரிசை பஸ் நிலையத்தைத் தாண்டியிருந்தது. முதல் ஆள் தலைமையாசிரியர், சட்டைக் கையை மடித்துவிட்டே நின்றிருந்தார். ரங்கசாமி இரண்டு வீட்டுச் சம்பந்திகளையும் அழைத்து வந்திருந்தார். ஊசி குத்தும்போது ஒவ்வொருவரும் நல்ல காய்ச்சல் தங்களை எப்படிப் படுத்தியது என்று ஜெசிந்தாவிடம் உரக்கச் சொன்னார்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. என் மனைவி தெய்வானையும் சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நானும் போட்டுக்கொண்டேன். மூன்று நாளில் முடிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், வரிசையின் கடைசியில் நின்றிருந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜெசிந்தா பதிவேட்டை மூடும்போது, “ஒரு ஆள் குறையுது” என்றார்.

“ஒரு ஆள்தானுங்க. யாராவது ஊருக்குப் போயிருப்பாங்க” என்றேன்.

அவர் அன்று சாயங்காலமே அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பெயருக்காக எதற்குப் பட்டியல் ஒட்டுவது என்று விட்டுவிட்டேன். அது யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை.

சொன்னபடி மூன்று வாரம் கழித்து இளவேனில் வந்தாள். பேத்தியை முதன்முறையாகக் கையில் வாங்கினேன். ஊரே வந்து பார்த்தது, தூக்கியது, கொஞ்சியது. ஒருவர் விடாமல் ஊசி போட்ட கைகள். தவமணியும் வந்தார், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாங்கக்கா, பாப்பாவைத் தூக்குங்க” என்று இளவேனில் கூப்பிட்டாள்.

“வேண்டாம் கண்ணு, இங்கிருந்தே தெரியுது. மூக்கு உன்ற மூக்குத்தான்.” ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் ஊர் சிரித்ததற்காகச் சங்கடப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் எனக்கு வசதியானதைத்தான் நினைப்பேன்.

புதுக் காய்ச்சல் மார்கழி இரண்டாம் வாரம் ஊருக்குள் வந்தது. பத்து இருபது பேர் இரண்டு நாள் இருமினார்கள், எழுந்து நடமாடினார்கள். பேத்திக்கு ஒரு தும்மல்கூட இல்லை. காய்ச்சல் எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் படிக்கப் போனபோது நூலகம் பூட்டியிருந்தது. இருபது வருடத்தில் அது வேலை நாளில் பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான், பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், குறைந்த அந்த ஒரு ஆள் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஊர் முழுக்கப் பொய் சொல்லும் என்று கணக்குப் போட்ட நான், பொய் சொல்லத் தெரியாத ஒருவர் இருப்பதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். அன்று கூடத்தில் எனக்காக எழுந்து நின்ற ஒரே ஆளை மறந்திருந்தேன்.

பின்கட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. தவமணி பாயில் படுத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வந்துருச்சுங்ண்ணா” என்றார். “கடைசியில எனக்கும் வந்துருச்சு.”

“ஏன் அம்மிணி ஊசி போட வரல?” என்று கேட்டேன்.

“காய்ச்சல் வராதவங்களுக்கு வேலை செய்யாது, வீணாக்காதீங்கன்னு நீங்கதான மைக்குல சொன்னீங்க. ஒரு ஊசி வேற யாருக்காவது ஆகட்டுமேன்னு இருந்தேன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “இதுதானுங்ண்ணா நல்ல காய்ச்சலு? எல்லாரும் சொன்னாங்க, ரொம்ப லேசா இருக்கும்னு. எனக்குத்தான் ஒடம்பு ஒரு மாதிரியாச்சே.”

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணா, சீட்டு எழுதிக் குடுத்தர்றீங்களா? ஆறு வருசத்துல மொதத் தடவை. மேசை மேல பேனா இருக்குது.”

என் பையில் சீட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். அவர் பெயரை எழுதினேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். மூக்கு ஒழுகி ஒரு சொட்டுச் சீட்டின் மேல் விழுந்தது. பொடி எதுவும் போடவில்லை.

“மூணு நாள் போதுமாண்ணா?” என்று கேட்டார்.

“போதும் அம்மிணி” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மாவட்ட ஆஸ்பத்திரியில் தவமணி இறந்துபோனார்.

தை மாதம் துறையின் அறிக்கை வந்தது. அதில் கரட்டுவலசுக்குத் தனி அத்தியாயம். நல்ல காய்ச்சல் வந்ததாகப் பதிவாகியுள்ள 2,313 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. வராததாகப் பதிவாகியுள்ள ஒரே ஒருவர் இறந்துவிட்டார். திட்டத்தின் வெற்றிக்கு இதைவிடத் தெளிவான சான்று உலகத்தில் எங்கும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு முதல் நிலை தும்முநராகப் பதவி உயர்வு. ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டாக்டர் பத்மநாபன் போனில் வாழ்த்துச் சொன்னார். “பதிவேடு பொய் சொல்லாதுன்னு சொன்னேனே, பார்த்தீங்களா?”

அன்றைக்கே நடந்தது அனைத்தையும் எழுதி, மூக்குப்பொடி டப்பாவையும் பொட்டலத்தில் வைத்து, அனுப்பாமல் வைத்திருந்த தவமணியின் சீட்டையும் இணைத்துத் துறைக்கு அனுப்பினேன். அந்தச் சீட்டைப் பதிவேட்டில் ஏற்றினால் காய்ச்சல் வந்தவர்களில் ஒருவர் இறந்ததாக ஆகும், அறிக்கையின் அத்தியாயம் உடைந்துபோகும், யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். வேலை போகும். போகட்டும். இளவேனிலிடமும் சொல்லிவிட்டேன். அவள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேத்தியை மட்டும் மடியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள்.

பதினைந்து நாள் கழித்துத் துறையிலிருந்து உறை வந்தது. என் கடிதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, டப்பாவைப் பற்றியும் இல்லை. உள்ளே தவமணியின் சீட்டு மட்டும் இருந்தது. இந்த ஆறு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஏறக்குறைய பதினாலாயிரம் சீட்டுகளில் திரும்பி வந்தது அது ஒன்றுதான். குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்:

‘விடுப்பு நிராகரிக்கப்படுகிறது. விண்ணப்பதாரருக்கு வந்தது அரசு வழங்கிய காய்ச்சல் அல்ல.’